காற்றுச் செய்தியைப் படமாக மட்டும் போடாதீர்கள்

தென்கடல் தம்பி, பாம்பன் (இழை தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பா நாற்பது வருஷம் நாட்டுப்படகில் போனவர். சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரியும். அவர் கடலுக்குப் போவது நின்றுவிட்டதே தவிர, வீட்டில் யார் படகு இறக்கினாலும் முதல்நாள் ராத்திரி அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறக்குவார்கள். அதனால் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கி, டாக்பேக் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி) போட்டு, தமிழ்க் குரல் வைத்துக் கொடுத்தேன். விரலை வலப்பக்கம் தேய்த்தால் அடுத்த செய்திக்குப் போகும், அதை வாசித்துச் சொல்லும். இரண்டு வாரத்தில் பழகிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து போனைக் காதோடு ஒட்டிவைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். "படம்" என்றது போன். தேய்த்தார். "படம்." தேய்த்தார். "குரல் செய்தி, ஆறு நிமிடம்." "படம்." அப்புறம் யாரோ ஒருவர் பன்னிரண்டு கும்பிடு பொம்மை போட்டிருந்தார். போன் சலிக்காமல் பன்னிரண்டு தடவை கும்பிட்டது. மறுபடியும் "படம்." பதினான்கு படம் எண்ணினேன். ஊர்க் குழுவில் அன்றைக்கு வந்த மொத்தச் செய்தியும் அவ்வளவுதான், அவர் காதுக்கு.

பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அதில் ஒரு படத்தில், "நாளை மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தேதி இல்லை. எந்தக் கடல் என்றும் இல்லை. சித்தப்பா வேண்டாம் என்றார், வீட்டுப் படகை இறக்கவில்லை. மறுநாள் கடல் குளம் மாதிரி கிடந்தது. அந்தப் படம் நாலு நாள் பழசு என்று மதியம்தான் தெரிந்தது. வாங்கி வைத்த ஐஸ் அப்படியே உருகிப் போச்சு.

யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. போட்டவர் நல்ல மனசோடுதான் போட்டிருப்பார். என் வேண்டுகோள் ஒன்றுதான்: படம் போடுங்கள், ஆனால் அதில் உள்ளதைக் கீழே இரண்டு வரி தட்டச்சு செய்யுங்கள். போன் எழுத்தைத்தான் வாசிக்கும், படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் அதற்கு வெறும் நிறம்.

தொண்டிக்காரன்:

தம்பி சொல்வது சரி. ஆனால் நம் பக்கத்துப் பெரியவர்கள் பாதிப் பேருக்கு எழுத்தே வராது. அவர்களுக்குக் குரல் செய்திதான் வசதி. எழுது எழுது என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? 2016-இல் பாம்பனில் கடலோசை 90.4 வானொலி தொடங்கினார்களே, அது இங்கே எடுபட்டதற்குக் காரணமே நம் ஆட்கள் காதால் வாங்குகிறவர்கள் என்பதுதான்.

வேதாளை வலை:

எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அப்பாவுக்கு வலை முடிவேன். நான்தான் வீட்டில் போன் பார்ப்பேன்.

குரல் செய்தி வந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆறு நிமிடம் என்று காட்டும். யாரோ செத்துவிட்டாரா, ஐஸ் விலை ஏறியதா, தெரியாது. எல்லாரும் போனைக் காதில் வைப்பார்கள். முகம் மாறும். நான் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

குரல் போடுங்கள். கீழே ஒரு வரி எழுதுங்கள். "ஐஸ் விலை பற்றி" என்று இருந்தாலே போதும். வேண்டும் என்றால் நான் கேட்டு வாங்குவேன்.

இன்னொன்று. எனக்கு முதல் மொழி சைகை. தமிழ் பள்ளிக்கூடத்தில் வந்தது. சின்ன வாக்கியம் எழுதினால் நன்றாகப் புரியும்.

தொண்டிக்காரன்:

தங்கச்சி, நான் இப்படி யோசிக்கவே இல்லை. நான் பேசினாலும் இனி மேலே ஒரு வரி எழுதிவிடுகிறேன்.

கீழக்கரைக் காக்கா:

எந்தக் கடல் என்று போடாத காற்றுச் செய்தி எதற்கும் உதவாது, அதைத் தம்பி சொன்னதில் நான் அடிக்கோடு போடுகிறேன். வெளியூர்ப் பிள்ளைகளும் இந்த இழையைப் படிப்பதால் சொல்கிறேன். எங்களுக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அனேகமாக அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நேர் எதிர். அப்படியிருக்க "ராமநாதபுரம் மாவட்டக் கடலில் பலத்த காற்று" என்று மொட்டையாக ஒரு படம் வந்தால், மூக்கையூர்க்காரன் எடுத்துக்கொள்வதா, தேவிபட்டினத்துக்காரன் எடுத்துக்கொள்வதா?

இன்னொன்று கூண்டு. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் ஓடிப்போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள். எண்ணை எழுதுவதில்லை. கண் தெரிந்தவருக்கே கம்பத்தில் தொங்குவது என்ன எண் என்று படத்தில் புரியாது. 1 என்றால் தூரத்தில் புயல் உருவாகக்கூடிய நிலை. 3 என்றால் இந்தத் துறைமுகத்திலேயே திடீர்க் காற்று மழைக்கு வாய்ப்பு. 8, 9, 10 எல்லாம் பெரும் அபாயம். 11 வரைக்கும் உண்டு. அது வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான கூண்டு. நம் குழுக்களில் சில நாள் அந்தப் பதினொன்றைத்தான் ஏற்ற வேண்டும் போலிருக்கிறது.

ரீசார்ஜ் கடை, உச்சிப்புளி:

காக்கா 11 :)

கடையில் தினமும் போனோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் சில விஷயம் சொல்கிறேன்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்காதீர்கள். தமிழ்க் குரல் அதைச் சில போன்களில் எழுத்து எழுத்தாகக் கூட்டும், ஆங்கிலக் குரல் அதை ஆங்கிலச் சொல் என்று நினைத்து வாசிக்கும். இரண்டையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அப்புறம் அடிக்கவே மாட்டீர்கள். தட்டச்சு வராதவர்கள் விசைப்பலகையில் உள்ள மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாக்கித் தரும். நம் ஊர்ப் பேச்சை அது கொஞ்சம் குதறும், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 'வலை' என்று சொன்னது 'விலை' ஆகியிருக்கும்.

ஹேஷ்டேக். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் வாசிக்கும் குரல் சொல் சொல்லாகப் பிரித்துவிடும். நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. அதனால் #புயல்எச்சரிக்கைபாம்பன் என்று ஒட்டிவிடாமல் #புயல்_எச்சரிக்கை_பாம்பன் என்று அடிக்கோடு போட்டுப் பிரியுங்கள். பார்ப்பவருக்கும் அதுதான் எளிது.

ஃபேஸ்புக், இன்ஸ்டா, எக்ஸ் மூன்றிலும் படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி, எழுதத் தனி இடம் உண்டு. வாட்ஸாப்பில் படத்துக்குக் கீழே எழுதுங்கள், போதும். ஆனால் முன்னனுப்பும்போது அந்த வரியைக் கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் தள்ளிவிடுவதும் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

படத்தில் மஞ்சள் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடும் கலைஞர்கள் கவனத்துக்கு: மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் படகுத் தளத்தில் நின்று அதைப் பாருங்கள். ஒன்றும் தெரியாது. இணைய அணுகல் விதிகளில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கணக்கெல்லாம் வேண்டாம், கறுப்பில் வெள்ளை, வெள்ளையில் கறுப்பு, முடிந்தது.

தென்கடல் தம்பி:

உங்கள் பதிவு காதுக்கு எப்படி வருகிறது என்று நீங்களே சோதிக்க வேண்டுமானால் போன் அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் போய் டாக்பேக்கை ஓட விடுங்கள். அதற்கு முன்னால் அணைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் தெரியாமல் போட்டுவிட்டு, ஒரு தட்டு தட்டினால் எதுவும் திறக்காமல், அரை மணி நேரம் போன் என்னைத் திட்டுவது மாதிரியே இருந்தது. அது ஓடும்போது எதையும் திறக்க இரண்டு தடவை தட்ட வேண்டும். ஒலி கூட்டும் குறைக்கும் பொத்தான் இரண்டையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் நின்றுவிடும்.

ஓய்வு வாத்தியார், தேவிபட்டினம்:

பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்த அறிவிப்பை அப்படியே பிடிஎஃப் ஆக்கிப் போடுகிறார்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே பார்த்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. வாசிப்பான் அதைத் தமிழாக வாசிக்காது, தேடினாலும் கிடைக்காது. எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே நிற்கும் குறியீட்டு முறைதான் யூனிகோடு; 2010-லேயே தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்துவிட்டது. போன வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த உதவித்தொகை விண்ணப்பம் இன்னும் பழைய எழுத்துருவில்தான் இருந்தது, அதையும் கோணலாக ஸ்கேன் செய்திருந்தார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, தகவல் எல்லாரும் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கான விண்ணப்பத்தையே மாற்றுத்திறனாளி வாசிக்க முடியவில்லை. சரி, அது வேறு சண்டை.

தீவுக் கேமரா, ராமேஸ்வரம்:

நான் ரீல்ஸ் போடுகிறவன். நீங்கள் சொல்வது எச்சரிக்கைச் செய்திக்குச் சரி. எல்லாவற்றுக்கும் எழுது என்றால் யாரால் முடியும்? நான் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் சூரிய உதயம் எடுத்துப் போடுகிறேன். பார்வையில்லாதவருக்குச் சூரிய உதயத்தை என்னவென்று எழுதுவது? "அழகான சூரிய உதயம்" என்றா? அவர் என்ன செய்யப்போகிறார் அதை வைத்து? கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

தென்கடல் தம்பி:

அண்ணே, நல்ல கேள்வி. உங்கள் பதிவை சித்தப்பாவின் போனிலேயே வாசிக்க வைத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அழகுன்னு அவன் சொல்ல வேணாம். அரிச்சல்முனையில நிக்கிறான்ல, அலை வடக்க இருந்து வந்து உடையுதா, தெக்க இருந்தா? தண்ணி கலங்கலா, தெளிவா? மணல் நாக்கு நீண்டு கெடக்கா, கடல் தின்னுடுச்சா? கீழ்வானத்துல மேகம் எப்படி நிக்கிது? அதச் சொல்லச் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்குவேன்."

கடைசி வரியை அவர் சொன்னபோது சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

தீவுக் கேமரா, ராமேஸ்வரம்:

இன்று காலையில் எடுத்த படத்துக்கு எழுதிப் பார்த்தேன். சரியா என்று பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

"அரிச்சல்முனை, காலை 6.20. இடப்பக்கம் வடகடல், சின்னச் சின்னதாக வெள்ளை நுரை, தண்ணீர் சாம்பல் நிறம். வலப்பக்கம் தென்கடல், அசையாமல் பச்சையாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மணல் ஒரு ஆள் அகலத்துக்குக் குறுகி, முனையில் வலப்பக்கமாக வளைகிறது. கிழக்கே அடிவானத்தில் கறுத்த மேகம் ஒரு பட்டையாக, அதற்கு மேலே சூரியன் பாதி. மணலில் ஒரு நாய்."

எழுதும்போதுதான் கவனித்தேன், இரண்டு பக்கமும் தண்ணீர் வேறு நிறம் என்பதை. எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன்.

தென்கடல் தம்பி:

இரண்டு தடவை போட்டுக் கேட்டார். "வாடை வந்துருச்சு" என்றார். நாய் யாருடையது என்று கேட்கிறார்.

தங்கச்சிமடத்து மகள்:

பேச்சைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்புகிறேன், மன்னியுங்கள். படம் வாசிக்க முடியாமல் போவது ஒரு கஷ்டம். பார்க்கக் கூடாத படம் கண்ணில் விழுவது இன்னொன்று.

சில வருஷம் முன்னால் எங்கள் சொந்தத்தில் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். வீட்டுக்குத் தகவல் சொல்ல ஆள் வருவதற்கு முன்பே ஒரு குழுவில் படம் வந்துவிட்டது. அந்த அக்கா போனைத் திறந்தபோது எதையும் தொடாமலே அது தெரிந்தது. சட்டையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார். இதற்கு மேல் எழுத எனக்கு மனசு இல்லை.

படத்தைப் போட்டவரிடம் அப்புறம் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் போட்டேன்" என்றார். தெரிய வேண்டியவர்களுக்கு யார் முதலில் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று நம் ஊரில் ஒரு முறை இருக்கிறது. வீட்டுப் பெண்ணிடம் நேராக யாரும் சொல்ல மாட்டார்கள், பெரியவர் ஒருவரை முன்னால் விட்டு, பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறப்பார்கள். போன் வந்ததால் அந்த முறை போய்விட வேண்டுமா?

அதே மாதிரி, படகு பிடிபட்டால் உடனே அதில் போனவர்களின் ஆதார் அட்டையைப் படம் எடுத்துக் குழுக்களில் விடுகிறார்கள். அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டியதை அவர்களுக்கு மட்டும் அனுப்பினால் போதாதா? எண்ணும் முகமும் விலாசமும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. விடுதலையாகி வந்த பிறகும் அது நிற்பதில்லை.

வேதாளை வலை:

அக்கா, இது எனக்கும் நடந்தது. தெரிந்தவர் படம். கையை அழுத்தி மூடிவிட்டேன். இன்னும் கண்ணில் இருக்கிறது.

கீழக்கரைக் காக்கா:

மகள் சொன்னது மனசை அறுக்கிறது.

நான் ஏர்வாடியைச் சொல்ல வேண்டும். தர்காவுக்கு மனநிலை சரியில்லாதவர்களைக் கூட்டி வருகிறார்கள். அவர்கள் அழுவதையும் ஆடுவதையும் கேமராவில் பிடித்து, சோகப் பாட்டோ சிரிப்புப் பாட்டோ ஒட்டிப் போடுகிறார்கள். அந்த மனிதருக்கு நாளைக்குக் குணமாகும். ஊருக்குப் போவார், வேலை தேடுவார், பெண் பார்ப்பார்கள். காணொளி அங்கேயே நிற்கும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் அப்படியே இறந்தார்கள். ஓட முடியாதவர்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு, வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒருவரைப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வேறு வார்த்தை வருகிறது. நெறியாளர் அழித்துவிடுவார், எழுதவில்லை.

தீவுக் கேமரா, ராமேஸ்வரம்:

இதில் நானும் குற்றவாளிதான், ஒத்துக்கொள்கிறேன். அக்னி தீர்த்தத்தில் விடிகாலை எடுத்த காணொளிகள் நிறைய போட்டிருக்கிறேன். பின்னால் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு ஏறி வரும் பெண்கள் இருப்பார்கள். நான் கோபுரத்தைத்தான் எடுத்தேன், கடலைத்தான் எடுத்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து பழையதைப் பார்த்து ஒன்பதை எடுத்துவிட்டேன். இன்னும் பார்க்க வேண்டும்.

ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. சிலர் மின்னல் மாதிரி படபடவென்று வெளிச்சம் அடிக்கிற வெட்டு வைக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ள சிலருக்கு அது ஆபத்து. ஒரு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது என்பது விதி. எனக்கு இது தெரிந்தது ஒரு பார்வையாளர் திட்டிய பிறகுதான்.

ரீசார்ஜ் கடை, உச்சிப்புளி:

பழைய காணொளி பற்றி யாரும் சொல்லவில்லையே. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, நினைவிருக்கும். அன்று எடுத்த காணொளிகள் இப்போதும் லேசாகத் தூறல் போட்டாலே "இப்போது ராமேஸ்வரம்" என்று வந்துவிடுகின்றன. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பதறிப்போய் வீட்டுக்கு போன் அடிக்கிறார்கள். என் கடைக்கே மூன்று போன். வெளியில் வந்து பார்த்தால் வெயில்.

அப்புறம் காலை வணக்கப் படங்கள். பூவும் டீயும் சாமியும். சாமி மேல் கோபமில்லை. ஆனால் படகு கரையை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் இருநூறு செய்தி ஒன்றாக இறங்கும், அதில் காற்றுச் செய்தி பூவுக்கடியில் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் சில நேரம் இலங்கை சிக்னல் வேறு பிடிக்கும், அது இன்னொரு கூத்து. எச்சரிக்கைக்கு மட்டும் ஒரு தனிக் குழு, பொறுப்பாளர் மட்டும் எழுதும்படி வைத்தால் என்ன?

நெறியாளர்:

உச்சிப்புளி அண்ணன் சொன்ன தனிக் குழு நல்ல யோசனை. யார் பொறுப்பு என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். இங்கே இனி படமாக மட்டும் வரும் எச்சரிக்கையை நிறுத்திவைத்து, எழுதித் தரும்படி கேட்பேன். யாராவது மாதிரிக்கு ஒரு செய்தி எழுதிக் காட்டுங்கள், மேலே குத்தி வைக்கிறேன்.

தென்கடல் தம்பி:

மாதிரிதான், உண்மைச் செய்தி அல்ல:

"மாதிரிச் செய்தி. நவம்பர் 14, வெள்ளி, மாலை 4 மணிக்கு எழுதியது. வடகடல் மட்டும். வெள்ளி இரவு முதல் சனி மாலை வரை பலத்த காற்று, மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வானிலை மைய அறிவிப்பு. 15-ஆம் தேதி சனிக்கிழமை நாட்டுப்படகு இறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுச் செய்தி வரும், அதன்பின் இதை அனுப்பாதீர்கள்."

'நாளை' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

வேதாளை வலை:

நன்றாகப் புரிகிறது. அப்பாவுக்குச் சைகையில் சொன்னேன். அவருக்கும் புரிந்தது.

தொண்டிக்காரன்:

இதையே 20 நொடியில் பேசி மாதிரிக் குரலும் போட்டிருக்கிறேன். மேலே ஒரு வரி எழுதியிருக்கிறேன், தங்கச்சி பார்க்கவும்.

தென்கடல் தம்பி:

சித்தப்பாவின் போனில் போட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக வந்தது. 'கி.மீ.' மட்டும் "கி" என்று சொல்லி நிறுத்தி, மூச்சு விட்டு, அப்புறம் "மீ" என்றது. "மீனா?" என்று கேட்டார்.

நெறியாளர், கிலோமீட்டர் என்று முழுசாக எழுதி மாற்றிவிடுங்கள்.

நெறியாளர்:

மாற்றிவிட்டேன்.